நிரூபிக்க முடியாத புகாரும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல

"போலீஸ்காரர் மேல மனு குடுத்தா கேசு நம்ம மேலயே திரும்பிருமாமே அண்ணாச்சி, நெசமா?"

சங்கரன்கோவில் நீதிமன்றத்துக்கு அருகே மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கரிவலம்வந்தநல்லூர் என் சொந்த ஊர். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, பிறகு மனு எழுதுவதையே தொழிலாக்கிக் கொண்டவன். பட்டா மாறுதல், வரப்புத் தகராறு, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றோடு காவல்துறையினர் மீதான புகார்களும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றை எழுதும்போதெல்லாம் இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன். ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அழுகிறவர். இன்னொருவர் அந்த மனுவில் பெயர் எழுதப்படப் போகும் காவலர்.

அந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. "என்ன வேணும்னாலும் எழுதிப் போடு, மனுதானே, என்ன செஞ்சிருவாங்க" என்பது டீக்கடைப் பதில். "நிரூபிக்கலேன்னா உன்னையே உள்ள தள்ளிருவோம்" என்பது மிரட்டலாகச் சொல்லப்படும் பதில். இரண்டும் தவறு. முதல் பதிலை நம்பினால் குற்றமற்ற காவலரின் வாழ்க்கை கெடுகிறது. இரண்டாவதை நம்பினால் அடிபட்டவர் வாய்மூடிப் போகிறார். சட்டம் சொல்வது வேறு. அதை எளிய தமிழில் யாரும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 182ஆம் பிரிவு இப்போது 217. இன்னொருவருக்குத் தீங்கு செய்யும் எண்ணத்தோடு, பொய் என்று தெரிந்தே அரசு அதிகாரியிடம் தகவல் கொடுப்பது இந்தப் பிரிவில் வரும். முன்பு இதற்கு 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். இப்போது ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய 211 இப்போது 248. நியாயமான அடிப்படை எதுவும் இல்லை என்று தெரிந்தே ஒருவர் மீது குற்றம் சுமத்தினால் 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுமத்திய குற்றம் மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ளது என்றால், பொய் சொன்னவருக்கு 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துப் பொய்ச் சாட்சி சொன்னால் 229ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை போகும். ஊரறிய அவதூறு பரப்பினால் 356ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை. ஆகவே "மனுதானே" என்று அலட்சியமாகச் சொல்வதற்கு இடமில்லை.

ஆனால், 217, 248 என்ற இரு பிரிவுகளிலும் "தெரிந்தே" என்ற நிபந்தனை அசையாமல் இருக்கிறது. புகார் நிரூபணமாகவில்லை என்பதால் மட்டும் எவரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சாட்சி வரவில்லை, காயம் ஆறிவிட்டது, கேமரா வேலை செய்யவில்லை, இருட்டில் ஆளை மாற்றி அடையாளம் சொல்லிவிட்டார் என்று புகார் தோற்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும். விசாரணை முடிவில் "எம்.எஃப்." (மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், அதாவது தகவல் பிழை) என்று எழுதி வழக்கை முடித்து நோட்டீஸ் அனுப்பினால், நம் ஊரில் "பொய்க் கேசுன்னு முடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பொய் என்று சொல்ல வேண்டுமானால், எழுதும்போதே அவருக்கு அது பொய் என்று தெரிந்திருந்தது என்பதை எதிர்த்தரப்பு காட்டியாக வேண்டும்.

அடுத்த பாதுகாப்பைப் பெரும்பாலானோர் அறிந்திருக்கவில்லை. 217இன் கீழ் யார் வேண்டுமானாலும் வழக்குப் போட முடியாது. பொய்த் தகவல் எந்த அதிகாரியிடம் கொடுக்கப்பட்டதோ அவரோ, அவருடைய மேலதிகாரியோ, அவர் அதிகாரமளித்த வேறோர் அரசு ஊழியரோ எழுத்துமூலமாக நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தௌலத் ராம் எதிர் பஞ்சாப் அரசு என்ற வழக்கில் 1962லேயே உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகப் பார்த்தது. அங்கே தகவல் போனது தாசில்தாரிடம். அவர் தாமே முறையிடவில்லை என்பதால் தண்டனை ரத்தானது. நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சார்பு ஆய்வாளர் மீது தென்காசி எஸ்.பி.யிடம் மனு கொடுக்கிறீர்கள். அது தெரிந்தே சொன்ன பொய் என்று முறையிட வேண்டியவர் எஸ்.பி., அவருக்கு மேலே உள்ளவர், அல்லது எஸ்.பி. அதிகாரமளித்தவர். புகாருக்கு ஆளான சார்பு ஆய்வாளர் தாமே உங்களை இந்தப் பிரிவில் பிடித்து உள்ளே தள்ள முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, காவலர் பக்கத்துக்கு வருகிறேன். அவர்கள் படும் துன்பம் எனக்குத் தெரியும். ஆவணித் தபசுக்கு எங்கள் பால்வண்ணநாதர் கோயிலில் கூட்டம் நெருக்கும்போது, விடிய விடிய நின்று வழிவிடும் காவலர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களில் ஒருவர் மீது பொய் மனு விழுந்தால் என்ன ஆகும்? முதலில் ஆயுதப்படைக்கு மாற்றம் வரும். பிறகு 3(பி) குற்றக் குறிப்பாணை. விசாரணை முடியும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. பெண் காவலர் என்றால் மனுவில் லஞ்சத்தோடு நடத்தையையும் இழுத்து எழுதுகிறார்கள். அனுப்பியவர் பெயர் இல்லாத மொட்டை மனுவாக இருந்தால் யாரைக் கேட்பது? கடைசியில் குற்றமில்லை என்று உத்தரவு வரும். அது ஒரு கோப்புக்குள் போய்விடும். வாட்ஸ்அப்பில் பரவிய படம் மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். மணல் வண்டியைப் பிடித்ததற்காகவும், குடித்துவிட்டு ஓட்டியவருக்கு அபராதம் போட்டதற்காகவும் பழிவாங்க எழுதப்படும் மனுக்கள் உண்டு. அப்படி எழுதச் சொல்லி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தெரிந்தே இப்படிச் செய்கிறவருக்குத் தண்டனை வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் என் அனுபவத்தில் முழுப் பொய்யை விட அதிகம் வருவது, உண்மையோடு கலந்த பொய். "காரமா எழுதுங்க அண்ணாச்சி" என்பார்கள். வாகனத் தணிக்கையில் ஓர் இளைஞருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. காது கேட்கவில்லை என்று வந்தார். கூட வந்த உறவினர், "பாக்கெட்ல இருந்த 5,000 ரூபாயையும் பிடுங்கிட்டாருன்னு சேருங்க, அப்பத்தான் ஆக்‌ஷன் எடுப்பாங்க" என்றார். பணம் போனதா என்று இளைஞரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அந்த வரியை நான் எழுதவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்து ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்கச் சொன்னேன். தேதி, நேரம், இடம், அறைந்தவர் சீருடையில் இருந்த பெயர், பக்கத்தில் நின்றவர்கள் என்று ஒரே பக்கத்தில் மனு முடிந்தது. அந்த மனு மீது துறை விசாரணை நடந்தது.

இதற்கு நேர்மாறாகவும் கண்டிருக்கிறேன். வேறு எங்கோ எழுதப்பட்ட ஒரு மனுவில், ஒரு முதியவரை "பத்துப் போலீசார் லத்தியால் அடித்தனர்" என்று இருந்தது. நடந்தது ஒருவர் பிடித்துத் தள்ளியது. கேமராப் பதிவில் லத்தியும் இல்லை, பத்துப் பேரும் இல்லை. லத்தியடி பொய் என்று ஆனதும், தள்ளியதையும் யாரும் நம்பவில்லை. பாலில் விழுந்த ஒரு துளி மோர் போல, சேர்த்த ஒரு வரி முழு மனுவையும் திரித்துவிட்டது. மனு எழுதுகிறவர்களுக்கும், எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தும் உள்ளூர்ப் பிரமுகர்களுக்கும் இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது.

அப்படியென்றால் பொய் மனுக்காரர்கள் மீது கடுமையாகப் பிரிவுகளைப் போட்டுவிட்டால் போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. தமிழ்நாட்டின் சமீப வரலாறு அதற்குச் சாட்சி. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமையை அங்குள்ள பழங்குடி மக்கள் சொன்னபோது, முதலில் அது மறுக்கப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அந்தப் பழங்குடி மக்கள் மீது 1992லேயே "பொய்ப் புகார்" வழக்கு பாய்ந்திருந்தால் உண்மை அன்றே புதைந்திருக்கும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் கைதானபோது, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை சொன்னது. சில நாட்களில் தந்தையும் மகனும் உயிரிழந்தனர். விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், அந்த நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ரேவதி துணிந்து உண்மையைச் சொன்னதால்தான் பல விவரங்கள் வெளிவந்தன.

நமக்குப் பக்கத்திலேயே 2023 மார்ச்சில், அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சார் ஆட்சியர் விசாரணை தொடங்கியபோது, ஒருவர் தாம் கீழே விழுந்ததில் பல் உடைந்ததாகச் சொன்னார் என்று செய்தி வந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாமே பொய்ப் புகார் என்று முடிந்திருக்கும். ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ.அமுதா தலைமையில் உயர்நிலை விசாரணையும், பிறகு சிபிசிஐடி வழக்கும் வந்தன. குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றமே சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் சொன்னதை மாற்றிச் சொன்னார் என்பதை மட்டும் வைத்து முதலில் சொன்னது பொய் என்று முடிவுகட்டக் கூடாது. மாற்றிச் சொல்ல வைத்தது பயமாகவும் இருக்கலாம்.

பயம் சாமானியருக்கு மட்டுமா? 2021 பிப்ரவரியில், சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் எஸ்.பி.யே வழியில் சுங்கச் சாவடி அருகே தடுக்கப்பட்டார். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஓர் எஸ்.பி.க்கே இந்தக் கதி என்றால், கரிவலம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வெற்றுக் காகிதத்தோடு வரும் விவசாயக் கூலி என்ன செய்வார்?

அதிகாரி மீது சொல்லப்படுவது பொய்யாக இருந்தால் என்ன என்ற கேள்வி பத்திரிகைகளுக்கும் பழையது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. அது அவர் எழுதியதே அல்ல, வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் கடிதம் அனுப்பினார். நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. வெளிவந்த பிறகு, கடமை தொடர்பாகச் சொல்லப்பட்டது பொய்யாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் வெளியிட்டார்கள் என்று காட்டினால்தான் அந்த அதிகாரி நஷ்டஈடு பெற முடியும். நியாயமான முறையில் சரிபார்த்த பிறகு எழுதியிருந்தால் அந்த எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1995இல், காவலர் மீது தெரிந்தே பொய்ப் புகார் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. 2005இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அது செல்லாது என்றது. காவலருக்கு எதிராகப் பொய் சொன்னால் தண்டனை, அதே விசாரணையில் காவலருக்கு ஆதரவாகப் பொய் சொன்னால் தண்டனை இல்லை என்பது நடுநிலை ஆகாது என்பதே அந்த நீதிமன்றம் சொன்ன காரணம். இங்கிலாந்தில் 2012இல் பிரதமர் இல்ல வாசலில் ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செலுக்கும் காவலர்களுக்கும் தகராறு வந்தது. தன்னைப் பொய்யர் என்று சொன்ன மிட்செலைக் காவலர் டோபி ரோலண்ட் சிவில் நீதிமன்றத்தில் சந்தித்து வென்றார். 80,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. அதே சம்பவத்தை நேரில் பார்த்ததாகப் பொய் சொன்ன வேறொரு காவலர் 12 மாதம் சிறைக்குப் போனார். அங்கே சட்டம் இரு பக்கத்தையும் ஒரே கண்ணால் பார்த்தது.

நம் சட்டத்திலும் அந்தச் சமன் இருக்கிறது. பொய்யான ஆவணம் தயாரிக்கும் அரசு ஊழியருக்கு 201, 256ஆம் பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அரசு ஊழியருக்குப் போதிய கேடயமும் இருக்கிறது. பணி தொடர்பான புகாரில் அவருக்கு எதிராக விசாரணைக்கு உத்தரவிடும் முன், மேலதிகாரியின் அறிக்கையையும் அவருடைய விளக்கத்தையும் நடுவர் பார்க்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 175(4) சொல்கிறது. எனவே புதிய மிரட்டல் எதுவும் தேவையில்லை. புகாரை நேர்மையாக விசாரிக்கும் அமைப்புதான் தேவை.

அந்த அமைப்பு நம்மிடம் அரைகுறையாக இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. ஆனால் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக உட்கார வைத்தது. முதலில் இது மாற வேண்டும். புகார் உண்மை என்று சொல்வதானாலும், தெரிந்தே சொன்ன பொய் என்று சொல்வதானாலும், துறைக்கு வெளியே இருக்கும் நீதிபதி சொன்னால்தான் இரு தரப்பும் நம்பும். நேர்மையான காவலருக்கே இதில் ஆதாயம் அதிகம். சொந்தத் துறை கொடுக்கும் நற்சான்றிதழை ஊர் நம்புவதில்லை.

இரண்டாவது, கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. இது சங்கரன்கோவில் வட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் நடப்பதை எஸ்.பி. மாதந்தோறும் சரிபார்த்து அறிவிக்க வேண்டும். மூன்றாவது, குற்றமற்றவர் என்று தெரிந்த காவலருக்கு அந்த உத்தரவைப் பகிரங்கமாக வெளியிட்டு, நிறுத்தி வைத்த பதவி உயர்வை முன்தேதியிட்டுக் கொடுக்க வேண்டும். அவர் அவதூறு வழக்குப் போட விரும்பினால் அரசே செலவை ஏற்க வேண்டும்.

மக்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நடந்ததை மட்டும் எழுதுங்கள். கண்ணால் கண்டதைக் கண்டேன் என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்றும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். காயம் இருந்தால் அன்றே ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், அதன் பிறகு நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்குத் தருகிறது. காவலரின் படத்தோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடும் பதிவுக்கு அந்த விலக்கு இல்லை. முதலில் மனு கொடுங்கள், செல்போனைக் கீழே வையுங்கள்.

காவல்துறை உயர் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பொய் என்று தெரிந்தே கொடுத்த புகார் கையில் கிடைத்தால், தயங்காமல் நீதிமன்றம் போங்கள். நிரூபிக்க முடியாமல் போன புகாரைக் காட்டி எவரையும் மிரட்ட உங்கள் கீழ் உள்ளவர்களை அனுமதிக்காதீர்கள். மனுவோடு வருகிறவர் பயமில்லாமல் உள்ளே வந்து, ரசீதோடு வெளியே போக வேண்டும். அதை உறுதி செய்யும் பொறுப்பு தென்காசி மாவட்ட நிர்வாகத்துக்கும் தமிழக அரசுக்கும் இருக்கிறது.